வசந்தா அத்தையிடம் கேட்ட உத்தரவு

வேகவைத்த மொச்சையும் கருவாட்டுக் குழம்பும் சாம்பிராணிப் புகையும் ஒன்றாகக் கலந்து, அதன்மேல் வெயிலில் வெந்த ஏரிமண்ணின் சூடும் ஏறினால் ஒரு வாசனை வரும். வருஷத்தில் ஒரே நாள், மாசி மாத அமாவாசையன்று, எங்கள் ஊர் இடுகாட்டில் மட்டும் வருகிற வாசனை அது. சிறுவயதில் அதை முகர்ந்ததும் எனக்குப் பசிதான் எடுக்கும். இடுகாட்டுக்குப் போய் ஒரு குழந்தைக்குப் பசி எடுத்தது என்று இப்போது எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போன பெரியவர்கள் அதைத் துக்கமான இடமாக எங்களுக்குக் காட்டவே இல்லை. திருவிழா என்றுதான் காட்டினார்கள்.

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றுகிற பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டியதும், இடதுபுறம் பிரிகிற மண்ரோட்டில் கொஞ்சதூரம் உள்ளே போனால் எங்கள் ஊர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் சாமந்தியும் விளைகிற நிலம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு அப்பா இளநீர் விற்பார். ஊருக்கும் ஏரிக்கும் நடுவே, வேலிகாத்தான் புதர் சூழ்ந்த மேட்டு நிலம்தான் இடுகாடு. மற்ற நாட்களில் பெண்களும் குழந்தைகளும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது. பிணத்தோடு போகிறவர்களும் ஆண்கள்தான். ஆனால் சிவராத்திரிக்கு மறுநாள் "மயானக் கொள்ளை" வரும். அன்றைக்கு அங்காளம்மனை அலங்கரித்துப் பம்பை, உடுக்கையோடு தெருத்தெருவாகத் தூக்கிவந்து இடுகாட்டில் இறக்குவார்கள். வேண்டிக்கொண்டவர்கள் வேகவைத்த பயறையும் காய்களையும் சில்லறைக் காசையும் கூட்டத்தின்மேல் வாரி இறைப்பார்கள். அதற்குச் "சூறை" என்று பேர். அந்தச் சூறையில் விழுந்து புரண்டு பொறுக்குவதுதான் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். சூறை ஓய்ந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுப் பிணங்களைப் புதைத்த இடத்துக்குப் பிரிந்து போய்ப் படையல் போடும். நாங்கள் போவது வசந்தா அத்தையிடம்.

"அத்தையப் பாக்கப் போலாமா" என்றுதான் அப்பா எங்களைக் கிளப்புவார். சமாதிக்குப் போகலாம் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

வசந்தா அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் அப்பாதான். எனக்கு அவளைப் பற்றி இருப்பவை கொஞ்சம் ஞாபகங்கள்தான். அதில் தெளிவாக இருப்பது எங்கள் நிலத்துக் கிணறு. என் அக்கா சுமதிக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது அத்தைதான். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அத்தை அக்காவின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் கூடவே குதித்து, அவள் மோவாயைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றிச் சுற்றி வருவாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தை கிணற்றின் அடியில் போய் மண்ணை அள்ளிவந்து உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். ஊரில் ஆண்பிள்ளைகளிலேயே ஒன்றிரண்டு பேரால்தான் அது முடியும்.

அவளைச் செங்கம் பக்கத்தில் ஒரு ஊரில் கொடுத்திருந்தார்கள். நிலபுலம் உள்ள குடும்பம், மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் "கம்மி" என்று தரகர் சொன்னதாக அம்மா பிறகு சொல்வாள். கல்யாணமான இரண்டாம் வருஷம், நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மத்தியானம் அத்தை ஒரு ஒயர் கூடையோடு தனியாக வந்து இறங்கினாள். எப்போதும் மாமாவோடு வருகிறவள் தனியாக வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் மாமா இருந்தால் நாங்கள் சத்தம் போடக் கூடாது. அம்மா அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் ஆட்டுக்கல்மேல் உட்காரவைத்து, ரவிக்கையை அவிழ்க்கச் சொல்லி முதுகில் விளக்கெண்ணெய் போட்டுவிட்டாள். என்னை வெளியே போய் விளையாடச் சொன்னார்கள். நான் மாட்டுக் கொட்டகைச் சுவருக்கு அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணி, நான் மாட்டுக் கொட்டாயில படுத்துக்கறேன். ஒரு வேளை சோறு போதும். அண்ணன்கிட்ட சொல்லி என்ன அனுப்பாம பாத்துக்கோங்க," என்று அத்தை சொன்னது எனக்கு இன்றைக்கும் அதே குரலில் கேட்கிறது. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தாள்.

அப்பா நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேர். அடிக்கிற கை இல்லை, குடிக்கிற வாய் இல்லை. அன்று சாயங்காலம் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு பிசைந்து அவரே ஊட்டினார். ஊட்டிக்கொண்டே அவளுக்குப் புத்தி சொன்னார். ஆண்பிள்ளைக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கத்தான் செய்யும், ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும், அதுவரைக்கும் "அனுசரிச்சுப் போ" என்றார். அத்தை சோற்றை விழுங்கிக்கொண்டே மாட்டேன் என்று தலையாட்டினாள். அப்போது அப்பா எங்கள் இருவரையும் காட்டிச் சொன்னார்: "இதுங்க ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. நீ வாழாம வந்து வூட்ல குந்திக்கிட்டா, நாளைக்கு இதுங்கள எவன் வந்து கேப்பான்? அத யோசிச்சியா?"

அத்தை எங்களைப் பார்த்தாள். அதன்பிறகு தலையாட்டாமல் சோற்றை விழுங்கினாள். மறுநாள் காலையில் அப்பா அவளைச் செங்கம் பஸ்ஸில் ஏற்றி, கூடவே போய், மாப்பிள்ளை வீட்டில் ஒப்படைத்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவந்தார். எனக்கும் அக்காவுக்கும் செங்கத்திலிருந்து ஆளுக்கொரு ரிப்பன் வாங்கிவந்திருந்தார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் செய்தி வந்துவிட்டது. தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்றார்கள். நீச்சல் தெரியாத பெண் போலிருக்கிறது, சத்தம் கேட்டு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது என்று அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் வாசலில் நின்று சொன்னார். எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அத்தையின் நீச்சல் தெரியும். ஒருவரும் அந்தப் பெரியவரைப் பார்த்து அப்படியா என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா மட்டும் "அத்தைக்கு நீச்சல் தெரியுமே" என்று ஆரம்பித்தாள். அம்மா அவள் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

பேச்சு வார்த்தை நடந்தது. போலீஸ், கேஸ் என்று போனால் இரண்டு குடும்பத்துக்கும்தான் அசிங்கம் என்று இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் பேசி முடித்தார்கள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தங்கையின் உடம்பைத் தன் ஊரில்தான் புதைக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த ஊரில் புதைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. அவர்கள் மறுத்தார்கள். அப்பா விடவில்லை, தரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாராம். கடைசியில் ஒரு டிராக்டரில் வைத்து அத்தையைக் கொண்டுவந்தார்கள். ஊரே அப்பாவைப் பாராட்டியது. "என் தங்கச்சிய அந்த வூட்ல வுடல. எங்கூட்டுப் பொண்ண எங்கூட்டுக்கே கொண்டாந்துட்டேன்" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதார். ஒயர் கூடையோடு தானாக நடந்துவந்தபோது கிடைக்காத இடம் அவளுக்கு டிராக்டரில் வந்தபோது கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் வாழவேண்டிய வயதில் போய்ச் சேர்ந்த பெண்ணைப் "பூவாடைக்காரி" என்பார்கள். குடும்பத்துக்குச் சாமி அவள். நல்லது கெட்டதுக்கு முன்னால் அவளுக்குப் புதுச்சேலை வைத்துப் பூச்சூட்டிப் படைக்க வேண்டும். மறந்துபோனால் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. அத்தையை மண்ணில் வைத்த முதல் வருஷமே அப்பா அவள் தலைமாட்டில் ஒரு கருங்கல்லை நட்டு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டுவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அவள் வெறும் அத்தை இல்லை, சாமி. வசந்தா என்று அப்பா மட்டும்தான் கூப்பிடுவார், அதுவும் அந்தக் கல்லின் முன்னால் மட்டும்.

படையலில் ஒரு குறையும் இருக்காது. அவளுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு, மொச்சை, மல்லாட்டை உருண்டை, கை நிறையக் கண்ணாடி வளையல், முகத்துக்குப் பூசுகிற ஸ்னோ டப்பாவும் ரிப்பனும்கூட. தலைவாழை இலையில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு அப்பா கல்லின் முன்னால் மண்டியிட்டு அழுவார். பெரியவர் ஒருவர் அப்படி வாய்விட்டு அழுவதை நாங்கள் அங்கேதான் பார்த்தோம். அழுது முடிந்ததும் எங்களை ஒவ்வொருவராக முன்னால் தள்ளி, "அத்தகிட்ட கேட்டுக்கோ, நல்லா படிப்பு வரணும்னு கேட்டுக்கோ" என்பார். அவள் போனபிறகு பிறந்த என் தம்பிக்கு வலிப்பு வரக்கூடாது என்று கேட்டோம், மழை வேண்டும் என்று கேட்டோம், பரீட்சையில் கணக்குப் பாடம் தேற வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் கேட்ட ஒரே ஒரு விஷயத்தைக் கொடுக்காத நாங்கள் அவளிடம் கேட்காத விஷயம் இல்லை.

மற்ற சமாதிகளில் யாராவது ஒரு பெண்ணுக்கு அருள் வரும். செத்துப்போனவர் அவள் வாயால் பேசுவார், குறை சொல்வார், வீட்டார் காலில் விழுந்து சமாதானம் செய்வார்கள். எங்கள் அத்தை ஒரு வருஷமும் யார் மேலும் வரவில்லை. பம்பைக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக்கூடப் பார்த்தார் அப்பா. எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வந்தால் அண்ணி மேல்தான் வருவாள் என்று. அம்மா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பாள். "அவளுக்கு மனசுல ஒரு குறையும் இல்ல, அதான் வரல" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விபூதி எடுத்துப் பூசிக்கொள்வார்.

சுமதி அக்காவுக்குப் போளூர் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது, கல்யாணத்துக்கு முந்தின வாரம் பூவாடைக்காரிக்குப் படைத்தோம். கலசத்துக்குச் சாத்திய புதுச்சேலையைப் படையல் முடிந்ததும் மணப்பெண்ணுக்குக் கொடுப்பது முறை. பச்சைக் கரை போட்ட அரக்குச் சேலை. அக்கா அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அச்சு அசல் வசந்தாவேதான் என்று கூடியிருந்த உறவுக்காரப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சேலையை மாற்றிவிட்டு வேறு கட்டிக்கொள்ளச் சொன்னாள். ஏன் என்று அப்பா கோபித்தார். அக்கா கடைசியில் அதையே கட்டியிருந்தாள்.

அக்கா தலைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தாள். பொங்கல் முடிந்தது, கரிநாள் முடிந்தது, அவள் கிளம்பவில்லை. மாப்பிள்ளை வந்து கூப்பிட்டபோது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை இடதுபக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம். அந்தக் காது கேட்காமல் போனது எப்படி என்று அம்மா கேட்டாள். அக்கா சொன்னாள். அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுவிட்டு வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, கொஞ்சநாள் போகட்டும் என்றார். கொஞ்சநாள் போனது. போளூர்க்காரர்கள் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். ஊரில் பேச ஆரம்பித்தார்கள். இப்போது அப்பாவுக்குக் காட்டிப் பேச நான் ஒருத்திதான் மிச்சம் இருந்தேன். சின்னவளை யார் கேட்பார்கள் என்று அதே கேள்வியை அதே குரலில் அவர் கேட்டபோது, அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

மாசி பிறந்ததும் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "நான் சொன்னா தப்பு, நீ சொன்னா தப்பு. அவளே சொல்லட்டும். வசந்தா என்ன சொல்றாளோ அதுக்குக் கட்டுப்படறேன்," என்றார். மயானக் கொள்ளையன்று அத்தையின் கல்முன்னால் பூ கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு பூவரச இலைகளில், ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டையும் மற்றதில் சிவப்பு அரளியும் வைத்து ஒன்றுபோல மடித்துக் கட்டிப் போடுவார்கள். எது எதில் இருக்கிறது என்று தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அக்காவை அனுப்பலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுத்துக் கொடுக்க இன்னும் பெரியவளாகாத பெண்ணாக இருந்தால் நல்லது என்றார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது.

அந்த வருஷம் நான் சூறை பொறுக்கப் போகவில்லை. தலைக்குக் குளித்து, பாவாடை சட்டையோடு கல்லின் முன்னால் கிழக்குப் பார்த்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பின்னால் அம்மா, அக்கா, தம்பி, அப்பாவின் பங்காளிகள் நாலைந்து பேர். அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பா கற்பூரம் ஏற்றினார். "வசந்தா, உன் அண்ணன் மக அவ வூட்டுக்குப் போகணுமா வேணாமா, நீயே சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு, இரண்டு பொட்டலங்களையும் குலுக்கி இலையில் போட்டார். நான் ஒன்றை எடுத்தேன். பங்காளி ஒருவர் பிரித்தார். சிவப்பு.

அப்பா மெல்லச் சிரித்தார். குழந்தைக்குக் கை நடுங்கிவிட்டது, தொட்டது ஒன்று எடுத்தது ஒன்று என்றார். மறுபடியும் கட்டி, மறுபடியும் குலுக்கிப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். மறுபடியும் சிவப்பு.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகப் பொங்கியது. அத்தை அங்கே இருக்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நான் முழுதாக நம்பியது என் வாழ்க்கையில் அந்த ஒரு கணம்தான். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரும் வழியில் நான் ஏதாவது தின்றேனா என்று கேட்டார். இல்லை என்றேன். காலில் இடுகாட்டு மண் பட்டிருக்கிறது, சுத்தம் போதவில்லை என்று சொல்லிக் குடத்துத் தண்ணீரில் என் கையையும் காலையும் அவரே கழுவிவிட்டார். புதுக் கற்பூரம் ஏற்றினார். மூன்றாம் முறை வெள்ளை வந்தது.

அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. அது நடிப்பில்லை என்று நான் இன்றைக்கும் சொல்வேன். "குடுத்துட்டா, உத்தரவு குடுத்துட்டா என் தங்கச்சி," என்றார். பங்காளிகள் விபூதி எடுக்க முன்னால் வந்தார்கள்.

குனிந்து பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, குனிந்தபடியே கேட்டாள்: "ரெண்டு தரம் வேணாம்னு சொன்னாளே, அது உங்க காதுல வுழலியா?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. அம்மா நிமிர்ந்தாள். "உசுரோட இருக்கச்சயும் அவ இப்படித்தான் சொன்னா. உங்களுக்கு வேண்டிய பதில் வர்ற வரைக்கும் நீங்க வுடல. செத்துப் போயும் அவள நீங்க வுடல."

"சாமி முன்னாடி என்ன பேச்சு பேசற, வாய மூடு," என்றார் பங்காளிகளில் மூத்தவர்.

"சாமியா?" என்றாள் அம்மா. "முதுகு பூரா வீங்கி வந்து குந்தி இருந்தா, இந்தக் கையால எண்ணெ போட்டு வுட்டேன். அன்னிக்கு நானும் வாய மூடிக்கிட்டுதான் இருந்தேன். அதான் இங்க இருக்கா அவ."

கத்திப் பேசவில்லை. பக்கத்துச் சமாதிக்காரர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக நடந்துவிட்டாள். நானும் தம்பியும் பின்னால் ஓடினோம். வீட்டுக்குப் போனதும் அக்காவை அடுப்படியில் உட்காரவைத்து முறத்தில் அரிசியைக் கொட்டிக் கையில் கொடுத்தாள். இருட்டும் சமயத்தில் அப்பா வந்தபோது வாசலில் நின்று சொன்னாள்: "இனிமே இந்த வூட்ல சோறு ஆக்கறது அவதான். அவ கையால சாப்பிட மாட்டேன்னா நீங்க கடையில சாப்டுக்கோங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப்பற்றி அம்மா விவாதிக்கவே இல்லை. போளூரிலிருந்து அடுத்த முறை ஆள் வந்தபோது அவளே வாசலில் நின்று திருப்பி அனுப்பினாள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். இந்த இடத்தில் கதை நல்லபடியாக முடிந்தது என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். அப்படி முடியவில்லை. அன்றையிலிருந்து அப்பா அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் ஆக்கிய சோற்றைத் தின்றார், அவள் துவைத்த வேட்டியைக் கட்டினார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எதிரில் நிற்கும்போதே அம்மாவிடம், "கஞ்சி கொண்டாரச் சொல்லு" என்பார். அவள் பேரைச் சொல்ல மாட்டார், "அந்தப் பொண்ணு" என்பார். முதல் ஒன்றிரண்டு வருஷம் அக்கா அழுதாள். பிறகு செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, காலையில் போய் இரவு வருகிறவளாகிவிட்டாள். அவள் சம்பாத்தியத்தில்தான் நான் காலேஜ் படித்தேன். எனக்கு மாப்பிள்ளை கிடைப்பதிலும், எல்லோரும் பயந்ததுபோல ஒரு தடங்கலும் வரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அக்காவைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்கள், பதிலைக் கேட்டுக்கொண்டு காப்பி குடித்தார்கள். அதற்காகத்தானா இத்தனையும் என்று அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

மயானக் கொள்ளை தோறும் அப்பா படையல் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு தம்பியோடு அத்தையிடம் போய்வந்துகொண்டுதான் இருந்தார். அம்மா அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. கல்முன்னால் அப்பா மணிக்கணக்கில் பேசுவார், அழுவார், குடும்ப விஷயம் எல்லாவற்றையும் தங்கையிடம் ஒப்பிப்பார் என்று தம்பி வந்து சொல்வான். பேசி முடித்து வீட்டுக்கு வந்து, உயிரோடு இருக்கிற மகள் எடுத்துவைக்கிற தட்டின் முன்னால் வாயைத் திறக்காமல் உட்காருவார்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் தடுமாறியது. படுக்கையில் கிடந்தவருக்கு அக்காதான் எல்லாம் செய்தாள். ஒருநாள் அவள் அவர் வாயில் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வசந்தா, நீ சாப்டியாம்மா?" என்று கேட்டார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு. ஆமாம் அண்ணா என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார், நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் சுமதி," என்றாள். அப்பா கொஞ்சநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார். அவரை அத்தைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அத்தையிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லை.

நான் இப்போது டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருக்கிறேன். அக்கா என்னோடு இருக்கிறாள். ஊர் வீட்டில் தம்பி இருக்கிறான். பௌர்ணமிக் கூட்டம் பெருகிப் பெருகி எங்கள் மண்ரோடு தார்ரோடாகிவிட்டது. தம்பி ரோட்டோரம் அத்தைக்கு ஒரு கோயில் கட்டியிருக்கிறான். டைல்ஸ் பதித்த சின்னக் கோயில்தான். உள்ளே நாலு கையும் கிரீடமுமாகச் சிவந்த நிறத்தில் ஒரு அம்மன் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அத்தை நல்ல கறுப்பு. அவளுடைய போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கிரிவலம் வருகிறவர்கள், பிள்ளை வரம் கொடுக்கிற அம்மன் என்று யாரோ சொல்லக் கேட்டு, தொட்டில் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

இந்த வருஷம் மயானக் கொள்ளைக்கு என் இரண்டு பிள்ளைகளும் வருவேன் என்று அடம்பிடித்ததால் அழைத்துக்கொண்டு போனேன். அக்காவும் வந்தாள். அவள் அங்கே வந்தது அந்தப் பூ கட்டிப் பார்த்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இடுகாட்டில் பாதியை நிரவி ஜல்லி கொட்டி, பௌர்ணமிக்கு வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டிருக்கிறார்கள். அத்தையின் கல்லைப் பிடுங்கி எங்கே போட்டார்களோ தெரியவில்லை. அத்தை எந்த இடம், அப்பா எந்த இடம் என்று தம்பியாலும் சொல்ல முடியவில்லை. கோயில்தான் இருக்கிறதே அக்கா, அங்கே கும்பிட்டால் போதாதா என்றான். ஜல்லியில் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ஆயாவும் இங்கதான் இருக்காங்களா?" என்று மகள் கேட்டாள். என் அம்மாவைக் கேட்கிறாள். இல்லை என்றேன். அம்மாவை எங்கள் வழக்கத்துக்கு மாறாக நகராட்சித் தகன மேடையில் எரித்தோம். அவளே அப்படிக் கேட்டுக்கொண்டாள். "என்ன எரிச்சிடுங்க. பொதச்சீங்கன்னா வருஷா வருஷம் வந்து எதையாவது கேப்பீங்க," என்றாள். சாகப்போகிறவளின் வேடிக்கைப் பேச்சு என்று அன்றைக்குச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மகளுக்கு நான் அத்தையைப் பற்றி அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அவளைக் கொண்டுபோய் விட்டதையும் சேர்த்துத்தான் சொன்னேன். பிள்ளைகளிடம் சொல்கிற விஷயமா இது என்று தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டான். மகள் கேட்டுக்கொண்டாள். சின்னவனுக்கு அதில் பாதி புரியவில்லை. கோயிலில் அவன் மாமா, என் தம்பி, கேட்கச் சொல்லியிருப்பார் போல, அவன் கைகூப்பிக்கொண்டு, "இங்க நான் என்ன கேக்கணும் பெரிம்மா?" என்று அக்காவைக் கேட்டான்.

"ஒண்ணும் கேக்க வேணாம்," என்றாள் அக்கா. "சும்மா கொஞ்ச நேரம் நில்லு."

அவன் நின்றான். எதிரில் கல் இல்லை, மேடு இல்லை, ஜல்லியும் வெயிலும்தான். அத்தையின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இனி நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கே அது பாதி அழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் கால் சுட்டது. போகலாம் என்றான், போனோம்.